தனி மேசைக்கு ஒரு டப்பா

“அடுப்படியிலேயே ஆஸ்பத்திரி தொறந்துட்டா பாருங்கப்பா நம்ம டப்பாக்காரி. இனிமே உள்ள வர்றதுக்கு சீட்டு எடுக்கணும் போல.”

சமையலறை வாசலில் சாய்ந்து நின்றபடி பெரியத்தை சொன்னாள். விடிந்தும் விடியாத நேரம். கீழே வறுப்புக் கூடத்தில் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை. பற்றவைப்பதற்குள் மருமகள் தன் வேலையை முடித்தாக வேண்டும். அதற்கென்று அவள் ஒதுக்கி வைத்த சின்னச் சட்டி, ஒரு கத்தி, ஒரு கரண்டி, படுக்கையறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்திய ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி.

பெரியத்தை என்பது குழந்தை கூப்பிடுகிற பேர். குழந்தையின் அப்பாவுக்கு அவள் அக்கா. தாய் இல்லாமல் போன வீட்டில் தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள்; தனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சைக்கூட எடுக்கவிடாதவள். அதனால் அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் நாக்கின் காரத்தைத் தனியாக எடுத்து விற்றால் கடலை வியாபாரமே வேண்டியதில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அவள் காதில் விழாமல் சொல்வார்கள்.

ஆம், கடலை வியாபாரம்தான். கடலை, முந்திரி, பாதாம் எல்லாவற்றையும் வறுத்து, தோல் நீக்கி, கடைகளுக்கு அனுப்புகிற குடும்பம். கீழே கூடம், மேலே வீடு. வறுத்த கடலையின் சிவந்த தோல் படிக்கட்டில் கிடக்கும், ஜன்னல் கம்பியில் ஒட்டியிருக்கும், தலையணை உறைக்குள் சரசரக்கும். அந்த வீட்டில் அதைக் குப்பை என்று யாரும் சொல்வதில்லை. சோறு போடுகிற தோல் என்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் முதல் சட்டி இறங்கியதும் வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரும் ஒரு பிடி வாயில் போட்ட பிறகுதான் கடைக் கதவு திறக்கும். நாம் தின்னாததை ஊருக்கு விற்கக் கூடாது என்று பெரியவர், அதாவது மாமனார், வைத்த சட்டம். அந்த முதல் பிடியைத்தான் மருமகள் இப்போதெல்லாம் தொடுவதில்லை. சட்டி இறங்குவதற்குள் குழந்தையைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, டப்பாவோடு பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கொட்டை வகை எதுவுமே ஆகாதாம். யார் டப்பாவிலும் அது வரக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டாராம்.

“ஆகாதாம்,” என்றாள் பெரியத்தை, அந்தச் சொல்லை மென்று துப்புகிறவள் போல. “இந்த வீட்டுல நீ கட்டியிருக்கற புடவை கடலை வித்த காசு. ஓட்டுற மிக்ஸி கடலை வித்த காசு. அந்தக் கடலை உனக்குத் தீட்டாயிடுச்சு.”

“தீட்டுன்னு சொல்லலக்கா. அந்தப் புள்ளைக்கு ஒடம்புக்கு ஆகாது.”

“எந்தப் புள்ளை? பேரு இல்லையா அதுக்கு?”

மருமகள் வேகவைத்த உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கினாள். கிழங்கு சோற்றைத் தொடக் கூடாது. வெள்ளரிக்காய் கிழங்கைத் தொடக் கூடாது. முட்டையில் மஞ்சள் கரு வெளியே தெரியக் கூடாது. அவள் பெண்ணின் சட்டம் அப்படி. எதைக் கொடுத்தாலும் நுனி விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளுவதால் வீட்டில் அவளுக்குப் பேரே கிள்ளு.

கிள்ளுவின் அப்பன் பனியனோடு வந்து எட்டிப் பார்த்தான். அவன்தான் கூடத்தில் வறுப்பவன். அடுப்படியில் பெண்டாட்டி வறுபடும்போது மட்டும் அவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

“ஏன், எவனோ பெத்த புள்ளைக்காக என் பொண்ணு வெறும் கெழங்கைத் தின்னணுமா? உனக்கு வேற வேலையே இல்லியா?”

“அதை விடுடா,” என்று டப்பாவைக் கண்ணால் அளந்தாள் பெரியத்தை. “பல்லி மாதிரி தின்ற புள்ளைக்கு இவ்ளோ பெரிய டப்பா எதுக்கு? இதுல ரெண்டு பேரு திங்கலாமே. இன்னொரு பங்கு எங்க போகுது? டப்பாக்காரியோட அம்மா வீட்டுக்கா?”

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி நறுக்கியது.

அவள் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் அந்த வாயை மூடியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள். ஏன் விழுங்கினாள் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த வீட்டுக்கு இன்னொரு பெண்ணும் உண்டு. பெரியத்தை வளர்த்த தங்கை; கிள்ளுவுக்குச் சின்னத்தை. அவள் பேச்சை அங்கே யாரும் எடுப்பதில்லை. கிள்ளு மடியில் கிடந்த காலத்தில், தத்தித் தத்தி நடக்கிற தன் மகளோடு அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். பெரியத்தை முதல் சட்டிக் கடலையைத் தானே மென்று, கூழாக்கி, ஆசை ஆசையாக அந்தக் குழந்தையின் வாயில் ஊட்டினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்தது. சின்னத்தை தூக்கிக்கொண்டு ஓடினாள். பிழைத்தது, டாக்டர் புண்ணியம். ஆனால் திரும்பி வந்தவள் கடைவாசலில் நின்று, “இந்தக் கடலை என் புள்ளைக்கு விஷம்க்கா” என்று அழுததுதான் தப்பாகிவிட்டது. கடை நிறைய வியாபாரிகள் நின்றிருந்தார்கள்.

பெரியத்தை குழந்தையைப் பார்க்கவில்லை. வியாபாரிகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “உன் புள்ளை ஒடம்புல கோளாறுன்னா அதை என் பொருள் மேல போடாத. இந்த வாசலை இனிமே மிதிக்காத” என்றாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். ஆம்பிளைகளுக்குத்தான் அந்த நேரம் பார்த்து எத்தனை வேலை வந்துவிடுகிறது.

சின்னத்தை போனவள் போனவள்தான். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, வாசலில் கழுத்தில் அளவு நாடாவோடு அவள் நிற்பதைப் பார்த்து மருமகள் மலைத்துப் போனாள். எதிர்ச் சாரியில் தையற்கடையில் வேலை கிடைத்து வந்திருக்கிறாள். கடைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்.

“அண்ணி, வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க. அக்கா வாயில இன்னொரு தடவ விழ எனக்குத் தெம்பு இல்ல. சொன்னீங்கன்னா நாளைக்கே வேற எடம் பாத்துப் போயிடுவேன்.”

கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள் மருமகள்.

சின்னத்தையின் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. வகுப்பே அவளைப் பொக்கை என்றது. மற்றக் குழந்தைகளின் டப்பாவில் என்ன வருமோ என்று, சாப்பாட்டு அறையில் அவளுக்கு மட்டும் ஜன்னலோரம் ஒரு தனி மேசை. அந்த மேசையில் உட்கார வேண்டுமானால் டப்பா சுத்தமாக இருக்க வேண்டும். அத்தனை பெரிய அறையில் அந்தச் சின்னப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். ஒருநாள் கிள்ளு தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். பொக்கை ஈறால் கிழங்கைக் கடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே தானும் கடித்தாள். அன்றுதான் முதல் முறையாக டப்பா காலியாக வீடு வந்தது.

அன்றிலிருந்துதான் பெரிய டப்பா. இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே டப்பா. பொக்கை இருந்தால் கிள்ளு தின்பாள். டப்பா சுத்தமாக இருந்தால்தான் பொக்கை இருப்பாள். அதற்காக அந்த மருமகள் அந்த வீட்டு ஏச்சையெல்லாம் காலைப் பலகாரம் போல வாங்கிக்கொண்டாள்.

அப்படியே போயிருக்கும். நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் என்றால் தலையைத் தூக்க முடியாத காய்ச்சல். காலையில் எழுந்திருக்கப் பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“படு, படு. ஊரு ஒலகத்துல நீ ஒருத்திதான் டப்பா கட்டினவளா?” என்றாள் பெரியத்தை. “ரெண்டு பேரை வளத்தவ நான். ஒரு கடலை போடமாட்டேன், போதுமா? எண்ணி வேணா பாத்துக்க.”

“அக்கா... அந்த வெள்ளைத் துணியிலதான் டப்பாவைத் துடைக்கணும். கையை சோப்பு போட்டு...”

“சரிங்க டாக்டரம்மா.”

மருமகளுக்குக் கண் செருகியது. அடுப்படியில் பெரியத்தை கிழங்கு வேகவைப்பதும், அதை மூக்கைச் சுளித்துக்கொண்டு நறுக்குவதும் எங்கோ தூரத்தில் கேட்டது. ஏமாற்றும் புத்தி பெரியத்தைக்கு இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னபடி ஒரு கடலைகூடப் போடவில்லை. போடவில்லை என்று காட்டுவதிலேயே ஒரு திமிர் அவளுக்கு. அப்பன் கிள்ளுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து கூடத்துக்குள் போய்விட்டான்.

வெயில் ஏறியதும் கஞ்சியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள் பெரியத்தை.

“உன் டப்பாவை கட்டி அனுப்பியாச்சு. உன்னதை விட நல்லாவே கட்டியிருக்கேன். உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழல.”

மருமகளின் கண், கொடியில் தொங்கிய வெள்ளைத் துணியில் போய் நின்றது. மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அக்கா, டப்பாவை எதுல துடைச்சீங்க?”

“இதுலதான்.” தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினாள். வெயிலில் சிவப்பாகப் பறந்தது. “ஏன், இதுக்கென்ன?”

“அதுல பூரா தோலுக்கா...”

“கடலைன்னா கடலை. தூசி என்னைக்கு கடலையாச்சு?”

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்திதான் அப்படிக் கேட்க முடியும். மீன் தண்ணீரைப் பார்க்காது அல்லவா? மருமகள் கஞ்சியைத் தட்டிவிட்டு எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. படிக்கட்டில் பாதி விழுந்து, பாதி இறங்கி, தெருவில் ஓடினாள்.

“ஏய், பைத்தியமா உனக்கு? காய்ச்சல்ல எங்கடி ஓடற? டேய் தம்பி, உன் பொண்டாட்டி...” தம்பி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். பெரியத்தையே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். வழி நெடுக அவள் வாயும் ஓடியது. “தெருவுல மானத்தை வாங்குறா... ஒரு துணிக்கு இவ்ளோ ஆட்டமா... எவ பெத்ததோ ஒண்ணு, அதுக்காக இவ உசுர விடறா...”

மருமகளுக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவள் கண்ணுக்குள் வீங்கிப்போன ஒரு உதடுதான் இருந்தது. கடவுளே, சாப்பாட்டு மணி அடிச்சிருக்கக் கூடாது. மணி அடிச்சிருக்கக் கூடாது.

மணி அடித்திருந்தது. சாப்பாட்டு அறையில் குழந்தைகளின் இரைச்சல் வராந்தா வரைக்கும் கேட்டது. காவலாளி “என்னம்மா” என்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலோரத் தனி மேசை. ஒரு பக்கம் பொக்கை. எதிர்ப் பக்கம் கிள்ளு, டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் டீச்சர் குனிந்து, “என்னடா கண்ணா, ஒரு வாயாவது சாப்பிடு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“மாட்டேன். தொறக்கமாட்டேன்.” அம்மாவைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்தது. “அம்மா, மூடியில தோல் ஒட்டியிருக்கு. கீழ இருக்கற தோல். இவ கேட்டுட்டே இருக்கா. பசிக்குதாம். நான் குடுக்கலம்மா.”

மருமகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டப்பாவை வாங்கி டீச்சரிடம் கொடுத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தின்ன அடம், தொட அடம் என்று அந்த வீடே கரித்துக் கொட்டிய அடம்தான் அன்று ஓர் உயிரைக் காவல் காத்திருந்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்ற பெரியத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தாள். அப்போது பொக்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் சுழித்து நிற்கிற முடி. எத்தனை எண்ணெய் வைத்துச் சீவினாலும் படியாத அந்தச் சுழியோடு பெரியத்தை எத்தனையோ வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறாள், வேறொரு தலையில்.

“இவங்க யாரு?” என்றாள் பொக்கை.

“எங்க பெரியத்தை,” என்றாள் கிள்ளு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அப்போ எனக்குப் பெரியம்மா. அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க வலிக்காம தலை வாரி விடுவீங்களாம். நெசமா?”

பெரியத்தையின் கை தானாக அந்தத் தலையை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. தன் கையைத் தானே பார்த்தாள். நகக்கண்ணில், ரேகையில், வளையலின் இடுக்கில்... சிவப்பாக, பொடியாக. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததை அன்றுதான் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். மெல்லப் பின்னால் போனாள். ஒரு அடி, இன்னும் ஒரு அடி. சுவரில் முதுகு இடித்ததும், திரும்பி விடுவிடுவென்று வெளியே நடந்தாள்.

முற்றத்துக் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து, கழுவி, மறுபடியும் தேய்த்தாள். அங்கேதான் சின்னத்தை வந்தாள். தையற்கடை வாசல் வழியாக அண்ணியும் அக்காவும் ஓடியதைப் பார்த்துவிட்டுக் கழுத்து நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். முதலில் உள்ளே போய் மகளின் வாய், கண், கை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

“இங்கயும் வந்துட்டியாக்கா? அன்னைக்குத் திட்டினதுல எதாவது பாக்கி வச்சிருந்தியா?”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. “நான் கடலை போடலடி,” என்றாள் பெரியத்தை திரும்பாமல். “சத்தியமா ஒண்ணுகூடப் போடல.”

“போடமாட்ட. தெரியும். அன்னைக்கும் நீ வேணும்னேவா ஊட்டின? ஆசையாத்தான் ஊட்டின. நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லலயே. புள்ளைக்கு ஆகலன்னுதான அழுதேன்? நீ வளத்த பொண்ணு உன் கண்ணு முன்னாடி அழறா... நீ என்னைப் பாக்கலக்கா. கடைக்கு வந்தவனைப் பாத்த.”

“ஆமா.”

“தெனமும் உன்னைப் பத்தி நல்லதாத்தான் சொல்லி வளக்கறேன் அவளை. கெட்டதைச் சொன்னா என் வாய்தான் நாறும்னு. உனக்கு அது கூடத் தோணலயே...”

“ஆமாடி.” அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. காரமெல்லாம் எங்கே போனதோ.

சின்னத்தை அழுதபடி இரண்டடி முன்னால் வந்தாள். பெரியத்தை திடுக்கிட்டு ஈரக் கையை நீட்டித் தடுத்தாள்.

“கிட்ட வராத. என் புடவை பூரா அதான் ஒட்டியிருக்கு. என்னைத் தொட்டுட்டு நீ அவளைத் தூக்குவ.”

வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளின் காதில் அது விழுந்தது. இத்தனை நாளும் எந்தப் பயத்துக்காக டப்பாக்காரி என்று பேர் வாங்கினாளோ, அந்தப் பயம் அவள் சொல்லாமலே, பெரியத்தையின் வாயிலிருந்தே வந்துவிட்டது. சின்னத்தை தன் சாப்பாட்டைக் கொண்டுவந்து இரண்டு குழந்தைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தாள். பெரியத்தை ஜன்னலுக்கு வெளியே நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கடை கட்டியதும் தம்பி ஆரம்பித்தான். “என்னக்கா, தெருவெல்லாம் சிரிக்குது. இவ ஓடினா நீயுமா ஓடணும்?”

“வாயை மூடுறா. அவ யாருக்கு டப்பா கட்டினான்னு தெரியுமா? உன் தங்கச்சி பெத்த பொண்ணுக்கு. நீ அடுப்பைக் கிளறிட்டே இரு. உன் வீடு எரிஞ்சாலும் கிளறு.”

தம்பியின் முகம் தொங்கியது. மனைவியைப் பார்த்தான், அவள் போர்வைக்குள்ளிருந்து அவனைப் பார்த்த பார்வையைத் தாங்காமல் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு, கொடியில் மடித்துக் கிடந்த வெள்ளைத் துணியைச் சரியாக விரித்துப் போட்டான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க எடுத்து, துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “நல்லாருக்காளா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “வீட்டுக்கு வரச் சொல்லேன்மா.”

“எந்த வீட்டுக்குப்பா? இங்க சுவத்தைத் தட்டினா தோல் கொட்டும். அவ வரமாட்டா. வரவும் கூடாது. பாக்கணும்னா குளிச்சிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டு, நீங்க போங்க. அன்னைக்கு வாய் தொறக்காததுக்கு இப்பவாவது நடங்க.”

மறுநாள் விடிகாலையில் காய்ச்சல் தணிந்து மருமகள் அடுப்படிக்கு வந்தாள். அங்கே பெரியத்தை தலைக்குக் குளித்து, படுக்கையறைக் கொடியில் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, அந்த மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். வளையலைக் கழற்றியிருந்தாள்.

“நிக்கிறியே, வா. கெழங்கை எவ்ளோ நீளத்துக்கு வெட்டணும்? நீ வெட்டறதப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். ஆனா அந்தக் குட்டிங்க அதைத்தான் திங்குதுங்களாம்.” சொல்லிவிட்டுக் கத்தியைப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கிச் சொன்னாள். “உங்க அம்மா வீட்டுக்கான்னு கேட்டுட்டேன் அன்னைக்கு. அந்த வார்த்தையை நீ மறந்துடு. மறக்க முடியாதுதான். இருந்தாலும் மறந்துடு.”

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கண்ணைத் தொட்ட கையால கெழங்கைத் தொடாத,” என்றாள் பெரியத்தை. “போய்க் கழுவிட்டு வா.”

கீழே முதல் சட்டிக்கு அடுப்பு பற்றவைக்கப் போன தம்பி எட்டிப் பார்த்தான். “அது சரி. இனிமே வீட்டுல ரெண்டு டப்பாக்காரிங்களா?”

“ஆமாடா. முதல் பிடியை நீயே தின்னு. நாங்க திரும்பி வந்து தின்றோம்.”

பள்ளிக்கூடம் போகிற வழியில் பெரியத்தை கடையில் நின்று ஒரு சீப்பு வாங்கினாள். புதுச் சீப்பு, பல் அகலமானது. வாசலில் சின்னத்தை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவைப் பார்த்ததும் தயங்கினாள். பெரியத்தை இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள், பள்ளிப்பிள்ளை டீச்சரிடம் நகம் காட்டுவதைப் போல.

“குளிச்சிட்டேன்டி. புடவை உள்ளயே காஞ்சது. வேணும்னா அவளைக் கேளு.”

சின்னத்தை அண்ணியைப் பார்த்தாள். மருமகள் தலையை அசைத்தாள். அதற்குப் பிறகுதான் தங்கை அக்காவின் தோளில் விழுந்தாள். தெருவே திரும்பிப் பார்க்க இரண்டு பேரும் அழுதார்கள். கிள்ளு பெரிய டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி, மூடியின் ஓரத்தை நுனி விரலால் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தமா இருக்கா?” என்றாள் பெரியத்தை மூக்கைச் சிந்தியபடி.

கிள்ளு இன்னும் ஒரு முறை தடவிப் பார்த்தாள். “ம்.”

பொக்கை அதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு, வாருவதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்து நின்றாள்.